போருக்குள்ளும் புதிய பீடம் தொடங்கியது
"போர்க்காலத்தில் பல்கலைக்கழகம் பிழைத்திருந்தாலே போதும், வளர்ச்சியெல்லாம் பிறகுதான்" என்று இலங்கைப் போர்க்காலப் பல்கலைக்கழகம் பற்றி நான் வாசித்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது. அப்போது துணைவேந்தராக இருந்தவர் பேராசிரியர் அழகையா துரைராஜா. மண் பொறியியலில் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த பெரிய மனிதர், பெட்ரோல் இல்லாத நாட்களில் சைக்கிளில்தான் வளாகத்துக்கு வருவார். மின்சாரம் இல்லாததால் மாணவர்களான நாங்கள் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். அடியில் பஞ்சு, அதன்மேல் கொஞ்சம் மண்ணெண்ணெய், மெல்லிய திரி, அவ்வளவுதான். திரியைச் சற்றுத் தூண்டினால் எண்ணெய் விடியும்வரை நிற்காது, அதனால் இரண்டு பேர் ஒரு விளக்கைச் சுற்றி உட்கார்ந்து குறிப்பெழுதுவோம். போரால் மக்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் உடுப்பை விட்டுவிட்டு அந்தக் குறிப்புக் கொப்பிகளைத்தான் நான் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன்.