அர்த்தம் கேட்டதற்கா அதட்டல்?

எழுத்து டைல்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் விளையாட்டு ஸ்கிராபிள். ஞாயிற்றுக்கிழமை அதன் போட்டியில் நடந்தது இந்நேரம் உங்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஆட்டம் முடிந்ததும் விளையாடிய ஒரு பையன் ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டது ஒரே கேள்வி: "சார், பிரேஸ்னா என்ன?" சொல் லிஸ்ட்டை மனப்பாடம் செய்யவைக்கும் அந்த சாரிடமிருந்து கிடைத்த பதில்: "லிஸ்ட்ல இருக்கு, பாயிண்ட் வருது. அர்த்தத்தை வச்சு என்ன பண்ணப்போற?" பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. அதைப் பதிவாக எழுதியதற்குத்தான் எனக்கு இத்தனை வசவு. மறுபடியும் சொல்கிறேன், சொல்லை மனப்பாடம் செய்யச் சொல்கிறவர் அர்த்தத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஏ, இ, பி, ஆர், எஸ். பிரேஸில் உள்ள இந்த ஐந்து ஆங்கில எழுத்தை மாற்றிப் போட்டால் ஸ்பேர், ஸ்பியர் என்று தெரிந்த சொற்கள் வரும். ஆஸ்பர் என்றும் வரும். ஒட்டோமான் பேரரசில் புழங்கிய சின்ன வெள்ளிக்காசு அது. பிரேசா என்றும் வரும். ஒரே மெட்டை ஒருவர் பின் ஒருவராக எடுத்துப் பாடும்போது அடுத்த குரல் எங்கே சேரவேண்டும் என்று காட்டும் குறி. பையன் கேட்ட பிரேஸ் ஒரு பச்சைக் கல், குவார்ட்ஸ் வகை. வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் என்ற காயின் பச்சை நிறம் அதற்கு, பெயரே லீக்ஸின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததுதான். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

"ஸ்கிராபிள் சாம்பியன் நைஜல் ரிச்சர்ட்ஸுக்குப் பிரெஞ்சே தெரியாது, 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டம் வாங்கினாரே?" என்று கேட்கிறார்கள். வாங்கினார். 2024இல் ஸ்பானிஷ் பட்டமும் வாங்கினார். மேதை, மறுக்கவில்லை. அதற்காக, கேள்வி கேட்கும் பிள்ளையின் வாயை அடைக்கலாமா? அவருக்கு அர்த்தம் தேவைப்படவில்லை. இவன் வாய்திறந்து கேட்டானே!

"கடிகாரம் ஓடுது" என்கிறார் ஒருவர். ஆட்டம் முடிந்தபிறகு எந்தக் கடிகாரம்?

"இது எழுத்து விளையாட்டு, மொழிப் பாடம் இல்லை" என்கிறார் இன்னொருவர். இதை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர். எந்த எழுத்துக்கு எத்தனை டைல் என்று முடிவுசெய்ய அவர் எண்ணிப் பார்த்தது செய்தித்தாள் பக்கங்களை. மனிதர்கள் அர்த்தத்தோடு எழுதி, அர்த்தத்தோடு படித்த பக்கங்கள் அவை.

என் அண்ணன் சரக்குக் கப்பலில் இருந்தவர். ரெட்சினா என்ற சொல் எனக்கு வெறும் ஏழு எழுத்து. ரெடினாஸ், நாஸ்டியர் சொற்களின் அதே ஏழு. கையிலுள்ள ஏழு டைலையும் ஒரே முறையில் வைத்தால் 50 பாயிண்ட் போனஸ், அவ்வளவே. கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் அதைக் குடித்த கதையை அண்ணன் ஒருநாள் சொன்னார். பைன் மரப் பிசின் சேர்த்த கிரேக்க ஒயின், வாய்க்குள் குங்கிலியம் போட்டதுபோல் மணம் என்றார். அன்றுமுதல் அந்த டைல்களைத் தொட்டாலே அண்ணன் குரல்தான் கேட்கிறது. இதை எந்த லிஸ்ட் தரும்?

"இங்கிலீஷ்காரனே மறந்த சொல்லுக்கு நீ ஏன் அழறே?" என்று எழுதியவர் எனக்கு வேண்டியவர். அதுதான் அதிகம் வலித்தது. நான் அழுவது சொல்லுக்காக இல்லை. "பரீட்சைக்கு வராது, விடு" என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதட்டல், செய்யுளுக்குப் பொருள் கேட்டால் "கோனார் நோட்ஸைப் பார்". விளையாட்டிலாவது ஒரு பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கக்கூடாதா? அங்கேயும் வந்து நிற்கவேண்டுமா அந்த அதட்டல்?

பதிவை நீக்கச் சொல்லி இன்பாக்ஸில் வருகிறார்கள். நீக்கமாட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாலும் கமெண்ட்டில் போடுங்கள், தேடிப்பார்த்துச் சொல்கிறேன்.