லேடி பீல் ஓவியம்: ஒரு சிறு திருத்தம்

ஆங்கிலேய ஓவியர் தாமஸ் லாரன்ஸ் வரைந்த ஜூலியா பீலின் ஓவியம், கணவர் ராபர்ட் பீல் பிரிட்டிஷ் பிரதமராக இருந்தபோது வரையப்பட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் காலக்கணக்கு பொருந்தவில்லை. ஓவியம் 1827-ஐச் சேர்ந்தது. பீல் முதல்முறை பிரதமரானது 1834 டிசம்பரில்தான். லாரன்ஸோ 1830 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். பிரதமரின் மனைவியாக ஜூலியாவை அவர் வரைந்திருக்க வழியே இல்லை.

இதை யாரும் சரிபார்க்கலாம். ஓவியம் நியூயார்க்கின் கலை அருங்காட்சியகமான ஃப்ரிக் கலெக்‌ஷனில் இருக்கிறது. அவர்கள் இணையதளத்தில் ஆண்டு போட்டிருக்கும். அப்புறம் பீல் பதவியேற்ற தேதியையும் லாரன்ஸ் இறந்த தேதியையும் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் பார்க்கலாம்.

ஓவியத்தில் ஜூலியாவின் தொப்பியிலுள்ள சிவப்பு இறகுகளையும் கை வளையல்களையும் பார்த்தால் பதவியின் பகட்டு என்று நினைக்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தத் தோற்றத்துக்குத் தூண்டுதல், பழைய ஃப்ளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் வரைந்த தொப்பி அணிந்த பெண்ணின் ஓவியம். அது அப்போது பீலிடமே இருந்தது; இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவ்வளவு அழகு!