தகராறு என்று எழுதாதீர்கள்

நேற்று மாலையிலிருந்து பாக்கிக் கூலி கேட்ட மிளகு பறிப்பவனை அடித்துக் கொன்ற வழக்கின் தீர்ப்புச் செய்தியைப் பத்துப் பன்னிரண்டு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். யார், எவர் என்று விளக்கப் போவதில்லை. கொடைக்கானல் கீழ்மலைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். தண்டனை குறைந்ததைப் பற்றி அப்புறம் பேசுவோம். எனக்கு முதல் எரிச்சல் "கூலித் தகராறில் அடித்துக் கொலை" என்ற தலைப்பின் மேல். அதைப் பகிர்ந்த நம்ம ஊர்த் தம்பி மேலே ஒரு வரி வேறு சேர்த்திருந்தார்: "ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குப் போய் உயிரை விட்டுட்டான்."

அவனாகவா விட்டான் தம்பி?

தகராறு என்றால் இரண்டு பக்கமும் ஒரு நியாயம் இருக்க வேண்டும். வரப்புத் தகராறு, பொதுக்குழாய்த் தகராறு, சரி. இங்கே நான்கு நாள் ஏணி மேல் நின்று மிளகு பறித்திருக்கிறான். மேஸ்திரி தன் கையாலேயே நோட்டில் எழுதி, பக்கத்தில் 'பாக்கி' என்றும் போட்டிருக்கிறார். அந்த நோட்டு கோர்ட்டில் சான்றாக இருக்கிறது. மூன்று வாரம் கேட்டான். கடைசி முறை கேட்டபோது மரக்கட்டையால் தலையில் அடி. இதில் தகராறு எங்கே இருக்கிறது? தவணை கேட்டு ஃபைனான்ஸ்காரர் வாசலில் வந்து நின்றால் அதற்கு 'வசூல்' என்று பெயர். கூலி கேட்டு நின்றால் மட்டும் தகராறு.

தீர்ப்புக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை. திண்டுக்கல்லில் வக்கீலாக இருக்கும் என் மச்சான் ஒரு மணி நேரம் போனில் பாடம் எடுத்தான். சம்பவம் 2024 ஜூலைக்கு முன்னால் நடந்ததால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். திண்டுக்கல் செஷன்ஸ் கோர்ட் கொலைக்கான 302-வது பிரிவில் ஆயுள் கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை 304 இரண்டாம் பகுதிக்கு, அதாவது கொலையாகாத மரணம் என்று, மாற்றி ஏழு வருஷமாக்கியிருக்கிறது. எது கொலை என்று சொல்லும் 300-வது பிரிவில் நான்காவது விதிவிலக்கு என்று ஒன்று உண்டாம். முன்திட்டம் இல்லாமல், திடீரென மூண்ட சண்டையில், ஆத்திரத்தில் நடந்தால் அது கொலைக் கணக்கில் வராது. யார் முதலில் சீண்டியது, யார் முதலில் அடித்தது என்பதுகூட அங்கே முக்கியமில்லையாம். ஒரே அடி, கையில் கொண்டுவந்த ஆயுதமும் இல்லை, அதனால் குறைத்தார்கள். சட்டம் அப்படித்தான் என்றால் அப்படித்தான். நீதிபதிகளை நான் குறை சொல்லவில்லை.

ஆனாலும் 'திடீர்' என்ற சொல் தொண்டையில் நிற்கிறது. மூன்று வாரமாகக் கேட்டது அடித்தவருக்குத் திடீரென்று எப்படி ஆகும்? 1958-இல் விர்சா சிங் வழக்கு என்று ஒன்று, அதிலும் ஒரே ஒரு ஈட்டிக் குத்துதான், உச்ச நீதிமன்றம் கொலை என்றே சொன்னது. இதையும் மச்சான்தான் சொன்னான். "அது வேற, இது வேற மாமா" என்றும் அவனே சொன்னான். இருக்கட்டும்.

"குடிச்சிருந்தானே" என்று உடனே வருவீர்கள். குடித்திருந்தான், ஞாயிற்றுக்கிழமை. ஊரில் ஞாயிற்றுக்கிழமை குடிக்காதவர்கள் முதலில் கை தூக்குங்கள். குடித்தவனுக்குக் கூலி கிடையாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பறிக்கும்போது ஏணியில் நிதானமாகத்தானே நின்றான்!

"ஆள் பிடித்து வேலை வாங்கிப் பார், கஷ்டம் தெரியும்" என்று இன்னொருவர் எழுதுவார். தெரியும், நானும் இரண்டு ஏக்கர் காப்பி வைத்திருப்பவன்தான். அடித்தவர் யார் வீட்டு ஆள், செத்தவன் யார் வீட்டு ஆள் என்று நான் எழுதவில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரிந்திருப்பதுதான் விஷயம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், எட்டாவது படிக்கும்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் சம்பளம் கேட்கும் வேலை என்னுடையது. அம்மா காப்பிப் பழம் எடுத்த கூலி. அப்பா போனால் திட்டு விழும், சின்னப் பையனைத் திட்ட மாட்டார்கள் என்று அம்மா என்னை அனுப்புவாள். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு நிற்பேன். உள்ளே டிவி ஓடும். "அடுத்த வாரம் வரச்சொல்லு." சில சமயம் அதைக்கூடச் சொல்ல மாட்டார்கள், விளக்கை அணைப்பார்கள். நான் தகராறா பண்ணினேன்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கமெண்டில் சொல்வார்கள். போன வருஷம் வியாபாரி எனக்குப் பணம் தரவில்லை என்று நான் இரண்டு வாரம் கூலி கொடுக்கவில்லை. எங்கள் தோட்டத்துக்கு வரும் பாட்டி ஒருநாள் காலையில் வந்து வேலியோரம் நின்றது. எதுவும் கேட்கவில்லை. நான் செடியைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எட்டாவது படித்த பையன் எங்கே போனான் என்று தெரியவில்லை. அன்றைக்கு மதியம் கடன் வாங்கிக் கொடுத்தேன். அதற்காக என்னை நல்லவன் என்று சொல்லவில்லை, இரண்டு வாரம் இரண்டு வாரம்தான்.

1982-இல் ஆசியாட், அதாவது டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு. அப்படியானால் ஒன்றுமே கொடுக்காததற்கு என்ன பெயர்? கண்டிப்பாகத் தகராறு இல்லை.

மேல்முறையீடு நடப்பதே செத்தவன் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாது. பண்ணைக்காட்டிலிருந்து பஸ் ஏறி, வத்தலக்குண்டில் மாறி, மதுரைக்குப் போய் என்ன நடக்கிறது என்று பார்க்க அவளுக்கு யார் சொன்னார்கள்? குற்றவாளி மேல்முறையீடு செய்தால் எதிரே நிற்பது அரசு. அரசு வக்கீலின் முகம்கூட அவளுக்குத் தெரியாது. தீர்ப்பு வந்ததையே பக்கத்து வீட்டுப் பையனின் போனில்தான் பார்த்திருக்கிறாள். அதாவது, தம்பி, உங்கள் அந்த வரியோடு சேர்த்து.

மச்சானிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். அந்த ஆயிரத்து எண்ணூறு? அபராதத்திலிருந்து இழப்பீடு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அது உயிருக்கு, கூலி வேறு என்றான். கூலிக்கு மனுப் போட அப்போதிருந்த 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் கெடு ஆறு மாதமாக இருந்தது. அந்த ஆறு மாதமும் அவள் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்துகொண்டிருந்தாள். நோட்டில் இன்னும் பாக்கி என்றுதான் இருக்கிறது.