பார்ஸ்னிப்பை நாற்று விட்டு நடுவது பற்றி ஒரு திருத்தம்

"தக்காளி, கத்தரி போலவே பார்ஸ்னிப்பையும் குழித்தட்டில் 30 நாள் வளர்த்துப் பிடுங்கி நடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி விதையை வீணாக்காதீர்கள். பார்ஸ்னிப் கேரட் குடும்பம், வெளிர்நிறக் கேரட் போலிருக்கும் கிழங்கு. நாம் சாப்பிடுவதே அதன் ஆணிவேரைத்தான். 30 நாளில் அந்த வேர் நாற்றுத்தட்டின் சிறு குழியின் அடியில் முட்டி வளைந்துவிடும், பிடுங்கும்போது நுனியும் அறுந்துபோகும். செடி பிழைக்கும், இலையும் பச்சையாகத் தழைக்கும், அதில்தான் ஏமாறுகிறோம். தோண்டினால் இரண்டு மூன்றாகக் கவை விட்ட கிழங்குதான் கிடைக்கும். தக்காளியில் காய்தானே வேண்டும், பக்கவேர் விட்டுச் சமாளித்துக்கொள்ளும்.

நேரடி விதைப்பே சரி. ஒரு அடி ஆழத்துக்குக் கல், கட்டி இல்லாமல் கொத்தி, அரை அங்குல ஆழத்தில், அரை அடிக்கு ஓரிடமாக மூன்று விதை போடுங்கள். முளைத்தபின் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மக்காத சாணம் வேண்டாம், அந்தக் கட்டியில் முட்டியும் வேர் பிரியும். முளைக்க 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை மேல்மண் காயவே கூடாது. ஓராண்டு தாண்டிய விதை பெரும்பாலும் முளைக்காது.

தனியாக முளைக்க வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், ஈரத்துணியில் முளைகட்டி வேர் எட்டிப் பார்த்ததுமே மண்ணில் வைத்துவிடுங்கள். அல்லது நீளமான காகிதக் குழாயில் விதைத்து, வேர் அடியைத் தொடுமுன் குழாயோடு இறக்குங்கள்.

இதற்கு நாலு மாதத்துக்கு மேல் குளிர் வேண்டும். ஏலகிரி, ஜவ்வாது மலையில் கார்த்திகையில் விதைத்துப் பார்க்கலாம். வேலூர், ஆற்காடு சமவெளியில் மாசிக்குள் வெயில் ஏறிவிடும். இங்கே முள்ளங்கி போடுவதே மேல்.