பதின்மூன்றாம் வரிசையும் கறுப்பு ஆடும்

விமானத்தில் 13ஆம் வரிசை இல்லை என்று படம் எடுத்துப் போட்டு, "வெள்ளைக்காரனே இப்படியா!" என்று சிரிக்கும் பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. அது பக்தியுமில்லை, பயமுமில்லை. சுத்தமான வியாபாரம். மேற்கே 13 ஆகாத எண். ஜெர்மனியின் லுஃப்தான்சாவில் 13 கிடையாது, 17உம் கிடையாது. இத்தாலியில் 17 ஆகாத எண். ரோமன் முறையில் 17ஐ (XVII) எழுதி எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால் (VIXI) லத்தீனில் 'வாழ்ந்து முடித்தேன்' என்று வந்துவிடுமாம். போகட்டும். காசு கொடுத்து ஏறுகிறவர் மனசு உறுத்தாமல் ஏற வேண்டும். 14 என்று எழுதியிருப்பதை எண்ணிப் பார்த்தால் பதின்மூன்றுதான் என்பது அவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். இண்டிகோவின் ஏ320இல் அதே 13ஆம் வரிசை அவசர வழிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கால் நீட்ட இடம் உண்டு என்று நம் ஆட்கள் கூடுதல் பணம் கட்டி வாங்குகிறார்கள்.

பிரஸ்ஸல்ஸ் ஏர்லைன்ஸ் கதை இன்னும் ருசி. 2006இல் புதிய நிறுவனத்துக்காகச் சின்னம் வெளியிட்டார்கள். 'பி' எழுத்தைப் புள்ளிகளால் வரைந்தது. யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், 13 புள்ளி! ஒரே புகார். கோலத்தில் ஒரு புள்ளி கூட்டுவதுபோல 14 ஆக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பின்லாந்தின் ஃபின்ஏர் இதற்கு நேரெதிர். கோபன்ஹேகனிலிருந்து ஹெல்சிங்கிக்குப் பறந்த விமானத்தின் எண் 666. பைபிளில் அது மிருகத்தின் எண். ஹெல்சிங்கி விமான நிலையத்தின் சுருக்கக் குறியீடான HELஐ ஆங்கிலத்தில் வாசித்தால் நரகம் என்பதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமைகளிலும் அதை ஓட்டினார்கள். 2017 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை அந்த எண்ணில் பறந்துவிட்டு, மாதக் கடைசியில் எண்ணை மாற்றினார்கள். அத்தனை வெள்ளிக்கிழமைகளிலும் நேரே ஹெல்சிங்கியில்தான் போய் இறங்கியது.

எந்த எண் கெட்டது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு. சீனர்களுக்கு எட்டு என்றால் செல்வம். சிச்சுவான் ஏர்லைன்ஸ் 2003இல் எட்டு எட்டுகள் கொண்ட ஒரு தொலைபேசி எண்ணை ஏலத்தில் 23 லட்சம் யுவானுக்கும் மேலே கொடுத்து வாங்கியது. அமெரிக்காவின் யுனைடெட் தன் பெய்ஜிங் விமானத்துக்கு 888 என்று எண் வைத்தது. அதே எட்டு நம்மிடம் சனீஸ்வரன் எண். வண்டி நம்பரின் கூட்டுத்தொகை எட்டு வந்துவிடக்கூடாது என்பதற்காகவே ஃபேன்ஸி நம்பருக்குப் பணம் கட்டுகிறவர்கள் எத்தனை பேர்! 8, 17, 26 தேதிகளில் பிறந்த பிள்ளைக்குப் பெயரில் எழுத்தைக் கூட்டிக் குறைக்கிறோம். இத்தாலிக்காரரும் நாமும் பதினேழில் கைகோத்து நிற்கிறோம், காரணம்தான் வேறு. நான்கு என்பது சீனத்தில் சாவு என்ற சொல்லைப் போல ஒலிக்கும். சீனர்கள் பெரும்பான்மையாக வாழும் சிங்கப்பூரில், சாங்கி விமான நிலையத்தின் நான்காம் முனையத்தை 2017இல் நான்கு என்ற பெயரிலேயே திறந்தார்கள். அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை.

சரி, நம் கணக்கையே போட்டுப் பார்த்தால் என்ன என்று ஒருநாள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். விமான விபத்துகளிலேயே அதிக உயிர் போனது ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், 1977 மார்ச் 27 அன்று. ஓடுபாதையில் இரண்டு ஜம்போக்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒன்று நெதர்லாந்தின் கேஎல்எம் 4805. நான்கும் எட்டும் பூஜ்யமும் ஐந்தும் சேர்ந்தால் 17, அதாவது எட்டு. இன்னொன்று அமெரிக்காவின் பான் ஆம் 1736. கூட்டுங்கள். அதுவும் 17, எட்டு! ஒரு கணம் எனக்கே அடிவயிறு கலங்கியது. இதை மட்டும் ஒரு வீடியோவாகப் போட்டால் ராத்திரிக்குள் லட்சம் பேர் பார்ப்பார்கள்.

விடாமல் மேலே போனேன். 1985இல் 520 பேரைப் பலிகொண்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் 123. கூட்டினால் ஆறு, சுக்கிரன். 2014இல் காணாமல் போய் இன்றுவரை முழு விடை கிடைக்காத மலேசிய விமானம் எம்ஹெச்370. கூட்டினால் பத்து, அதாவது ஒன்று, சூரியன், ராஜ எண். 2025இல் அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியாவின் ஏஐ171 ஒன்பது. சனி தப்பித்தார், மற்ற கிரகங்கள் மாட்டிக்கொண்டன. உடனே எண்கணிதக்காரர் வருவார்: "தேதியைச் சேர்க்கணும் சார், கேப்டன் பேரைச் சேர்க்கணும், விமானத்தோட பதிவு எண் ரொம்ப முக்கியம்." சேர்த்துக்கொண்டே போனால் வேண்டிய எண் வராமல் எங்கே போகும்? விபத்து நடந்த பிறகு போடுகிற கூட்டல் ஒருநாளும் தப்பாது.

டெனெரிஃபில் உண்மையில் நடந்தது என்ன? பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் அங்கே போக வேண்டிய விமானங்களெல்லாம் இந்தச் சின்ன நிலையத்தில் வந்து அடைந்தன. மூடுபனி இறங்கியது. கேஎல்எம் கேப்டன் மேலெழும்ப அனுமதி கிடைக்காமலே ஓடத் தொடங்கினார். அதைத் தடுத்திருக்கக்கூடிய இரண்டு வானொலிச் செய்திகள் ஒரே நேரத்தில் வந்து ஒன்றையொன்று அமுக்கிவிட்டன. அதற்குப் பிறகு விமானத்துறை பரிகாரம் தேடிப் போகவில்லை. டேக்-ஆஃப் என்ற சொல்லை அதற்கான அனுமதி கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் உச்சரிக்கக் கூடாது என்று கட்டுப்பாட்டு அறைகள் விதி வைத்துக்கொண்டன. கேப்டன் தப்பு செய்தால் பக்கத்தில் இருப்பவர் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்று நாம் நிம்மதியாக ஏறி உட்காருவதில் அந்த 583 பேருக்கும் பங்கு உண்டு.

விபத்துக்குள்ளான விமானத்தின் எண்ணை ஓய்வுக்கு அனுப்புவதையும் சிலர் மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. எம்ஹெச்370 சில நாட்களிலேயே எம்ஹெச்318 ஆனது. உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்ஹெச்17 எம்ஹெச்19 ஆனது. ஏஐ171 ஏஐ159 ஆனது. தம்பியைப் பறிகொடுத்த ஒரு அக்கா லண்டன் போக டிக்கெட் போடும்போது திரையில் அதே எண் வந்து நிற்க வேண்டுமா? இதில் ராசி எங்கே வந்தது? துக்க வீட்டின் முன்னால் மேளம் அடிக்காமல் போகிற மரியாதைதான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் போன 93, 175 ஆகிய எண்களை யுனைடெட் 2011இல் தவறுதலாகக் கணினியில் மீண்டும் சேர்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டது.

அகமதாபாத் விபத்தில் இறந்த குஜராத் முன்னாள் முதல்வர் விஜய் ரூபானிக்கு 1206 ராசி எண், அவர் வண்டிகளுக்கெல்லாம் அதே எண் என்று செய்திகள் வந்தன. விபத்து நடந்தது 12-06. இதை வைத்து வேடிக்கை பார்த்தவர்களை மன்னிக்கவே எனக்கு மனசு வரவில்லை. அதே விமானத்தில் பிழைத்த ஒரே பயணி உட்கார்ந்திருந்தது 11ஏ. 1998இல் தாய்லாந்தில் நடந்த விபத்தில் தப்பிய ஒரு பாடகரும், தான் இருந்தது 11ஏ என்று சொன்னார். அவ்வளவுதான், 11ஏ கேட்டு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஏர் இந்தியாவின் அந்த 787இல் 11ஏ அவசரக் கதவை ஒட்டிய இருக்கை. ரயன்ஏரின் 737இல் அதே 11ஏவில் உட்கார்ந்தால் ஜன்னல்கூடக் கிடையாது, வெறும் சுவர்தான். இருக்கை எண்ணில் ஒன்றுமில்லை. உங்கள் இருக்கையிலிருந்து கதவுக்கு எத்தனை வரிசை என்று ஏறியதும் எண்ணி வையுங்கள், புகையில் அது உதவும்.

என் சகிப்பு இத்தோடு சரி. 2017இல் ஷாங்காயில் 80 வயதுப் பாட்டி ஒருவர், பயணம் நல்லபடி அமையட்டும் என்று ஒன்பது நாணயங்களை இன்ஜினை நோக்கி வீசினார். எட்டு வெளியே விழுந்தன, ஒன்று உள்ளே போய்விட்டது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதம். 2019இல் இன்னொருவர் இதையே செய்து விமானம் ரத்தானது, நீதிமன்றம் 1,20,000 யுவான் கட்டச் சொன்னது. அந்த நிறுவனத்தின் பெயர் லக்கி ஏர், நான் கட்டிச் சொல்லவில்லை.

2019 அக்டோபரில் பிரான்ஸில் ரஃபேல் விமானத்தின் சக்கரத்தடியில் நம் பாதுகாப்பு அமைச்சர் எலுமிச்சம்பழம் வைத்தது நினைவிருக்கும். அது போர் விமானம். அன்று நான் திட்டவில்லை, இன்றும் திட்டமாட்டேன். ஆயுத பூஜைக்கு என் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைக்கிறேன், பிரேக்கையும் பார்த்துக்கொள்கிறேன். 2007இல் நேபாள ஏர்லைன்ஸ் காத்மாண்டுவில் தன் 757 முன்னால் ஆகாச பைரவருக்கு இரண்டு ஆடுகளை வெட்டியது. விமானத்தில் மின்கோளாறு இருந்ததாம். பழுது சரியாகிவிட்டது, விமானம் பறக்கத் தொடங்கிவிட்டது என்று அதிகாரி ஒருவர் சொன்னார். என்ன பழுது என்று மட்டும் சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

2016 டிசம்பர் 7 அன்று பாகிஸ்தானின் பிஐஏ நிறுவனத்தின் ஏடிஆர் விமானம் ஒன்று விழுந்து 47 பேரும் இறந்தார்கள். சில நாட்களில், அதே ரக விமானம் மறுபடி பறக்கும் முன் இஸ்லாமாபாத் ஓடுதளத்தில் கறுப்பு ஆட்டைப் பலி கொடுத்தார்கள். படம் உலகமெல்லாம் சுற்றியது. அது ஊழியர்கள் தாங்களாகச் செய்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று நிர்வாகம் கையை உதறியது. விசாரணை அறிக்கை 2020இல் வந்தது. இடது இன்ஜினின் டர்பைனில் ஒரு பிளேடு உடைந்திருந்தது. அந்த பிளேடுகளின் காலம் முடிந்திருந்தது. விபத்துக்கு முந்தைய மாதம் இன்ஜினைப் பிரித்துப் பராமரித்தபோதே அவற்றை மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. ஆட்டுப் படத்தைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படித்தார்கள்?