கட்டிக்குள்ளே பற்றீரியா இருக்கிறது, சரி. அதற்காகக் குளிசையை வாங்கி விழுங்குவதா?

கொஞ்ச நாளாக மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டு திரிகிறது. புற்றுநோய்க் கட்டிக்குள்ளே இருப்பது பற்றீரியாதானாம், அதைக் கொன்றால் கட்டி தானாகக் கரையுமாம், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் மெட்ரோனிடசோல் என்ற அன்டிபயோட்டிக் குளிசையே போதுமாம், கம்பெனிக்காரன்தான் இதை மறைத்து வைத்திருக்கிறானாம். முழுப் பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது முக்கால்வாசி பொய், கால்வாசி உண்மை. அந்தக் கால்வாசி நேச்சர், சயன்ஸ் மாதிரிப் பெரிய சஞ்சிகைகளில் வந்த உண்மை, அதனால்தான் படித்த ஆட்களும் இதை நம்பி அனுப்புகிறார்கள்.

போன கிழமை ஒரு பாமசியில் நிற்கும்போது களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஆள் ஒருவர் அந்தக் குளிசையின் பெயரைக் கைபேசியில் காட்டிக் கேட்டார். அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய், கீமோ நடக்கிறது. "தம்பி, இதக் குடுத்தா மறுகா கீமோ தேவல்லையாமே?" என்று கேட்டார். பாமசிப் பையன் நல்லவன், "அண்ணன், அம்மாட கிளினிக் கொப்பியக் கொண்டு வாங்க, டொக்டர்ட்டக் கேட்டுட்டுத் தாறன்" என்றான். எல்லாப் பாமசியிலும் அப்படிச் சொல்வார்களா என்பது நமக்குத் தெரியாததா?

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன், டொக்டர் இல்லை. ஆனால் பற்றீரியாவோடுதான் என் பிழைப்பு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் உண்மையான பகுதி. பியூசோபக்டீரியம் நியூக்கிளியேட்டம் என்று ஒன்று இருக்கிறது. நம் எல்லாருடைய வாயிலும் பல் ஊத்தைக்குள் குடியிருக்கும், முரசு நோய் உள்ளவர்களிடம் கூடுதலாக. முரசு வீங்கிச் சீழ் வைத்த இடத்து மாதிரியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துக் கிராம் சாயம் போட்டுப் பார்த்தால் இரண்டு நுனியும் கூரான, மெல்லிய இளஞ்சிவப்பு ஊசிகள் தெரியும், அந்த வடிவம்தான். ஒட்சிசன் ஆகாது என்பதால் சாதாரணத் தட்டில் வெளிக்காற்றில் வளர்க்கவும் முடியாது. இந்த வாய்க்காரனைப் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளில் அளவுக்கு அதிகமாகக் காண்கிறோம் என்று 2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக எழுதின. 2017இல் அமெரிக்காவில் ஒரு குழு இன்னும் ஒரு படி போனது. பெருங்குடலில் இருந்து ஈரலுக்குப் பரவிய கட்டியை எடுத்துப் பார்த்தால் அங்கேயும் அதே பற்றீரியா, அதுவும் அந்த ஆளின் குடல் கட்டியில் இருந்ததோடு அச்சொட்டாகப் பொருந்துகிற வகை, உயிரோடு. அதாவது புற்றுநோய்க் கலம் ஊர் மாறும்போது இதையும் கூட்டிக்கொண்டே போகிறது. அந்த மனிதக் கட்டியை எலியில் வளர்த்து மெட்ரோனிடசோல் கொடுத்தபோது பற்றீரியா குறைந்தது, கட்டி வளரும் வேகமும் குறைந்தது. குரல் பதிவுக்காரர் பிடித்துக்கொண்டது இந்த ஒரு வரியைத்தான். எலி என்ற சொல்லை மட்டும் வசதியாக விட்டுவிட்டார்.

வாயில் இருப்பது குடலுக்கு எப்படிப் போனது? இரத்தம் வழியாகப் போகலாம், விழுங்கியும் போகலாம். 2024இல் சியாட்டிலில் இருந்து வந்த ஆய்வு இந்தப் பற்றீரியாவின் ஒரு துணையினத்தை இரண்டு கிளையாகப் பிரித்துக் காட்டியது. அதில் ஒரு கிளைதான் கட்டிகளில் நிரம்பிக் கிடக்கிறது, பார்த்த பெருங்குடல் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் அது இருந்தது. இரைப்பை அமிலத்தைத் தாக்குப்பிடிக்கும் திறன் அதற்குக் கூட. ஒரே இனம், ஒரே துணையினம், அதற்குள்ளேயே ஒரு கிளைதான் பிரச்சினைக்காரன். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சையைக் கெடுக்கிற கதையும் உண்டு. சதையிப் புற்றுநோய்க்கு ஜெம்சிடபின் என்று ஒரு கீமோ மருந்து கொடுப்பார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்து ஆட்கள் 2017இல் 113 சதையிக் கட்டிகளைப் பார்த்ததில் 86இல் பற்றீரியா இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஒரு நொதியத்தை உருவாக்கி, அந்த மருந்தை வேலை செய்யாத பொருளாக மாற்றிவிடக்கூடிய வகைகள். நாம் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஏற்றுகிற மருந்தைக் கட்டிக்குள் இருக்கிற பற்றீரியா தின்று தீர்க்கிறது என்றால் பற்றி எரியாதா? எலியில் சிப்ரோபுளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக் கொடுத்தபோது மருந்து மறுபடி வேலை செய்தது. 2022இல் சீனாவில் இருந்து வந்தது இன்னும் விசித்திரம். எலியின் மார்பகக் கட்டியில் பற்றீரியாக்கள் கலங்களுக்கு உள்ளேயே புகுந்து, இரத்தக் குழாய்க்குள் அடிபட்டுப் போகும்போது அந்தக் கலம் சிதையாமல் இருக்க அதன் உட்சட்டத்தை இறுக்கிக் கொடுக்கின்றன. பற்றீரியாவை நீக்கியபோது முதல் கட்டி அப்படியே வளர்ந்தது, நுரையீரலுக்குப் பரவுவது மட்டும் குறைந்தது. கட்டியை வளர்ப்பது ஒன்று, பரப்புவது இன்னொன்று என்று இது காட்டியது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த ஆய்வு இதுதான்.

சரி, இப்ப மற்றப் பக்கம்.

இரத்தத்தைக் கல்ச்சர் போடுகிற, அதாவது போத்தலில் விட்டுப் பற்றீரியா வளர்கிறதா என்று பார்க்கிற எவரையும் கேளுங்கள். தோலை ஒழுங்காகத் துடைக்காமல் ஊசி குத்தினால் தோலில் சும்மா கிடந்த ஸ்டெபிலோகொக்கஸ் போத்தலுக்குள் போய் வளர்ந்து, நோயாளிக்கு இல்லாத நோயை எழுதிக் கொடுக்கும். ஒரு போத்தலில் மட்டும் வளர்ந்திருக்கிறதா, இரண்டிலுமா, எத்தனை மணித்தியாலத்தில், ஆளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ரிப்போர்ட் போவோம். கட்டியில் இருக்கும் பற்றீரியாவோ மிக மிகக் கொஞ்சம், மனித டிஎன்ஏ மலைபோல. வெட்டுகிற கத்தியில் இருந்து, இரசாயனப் போத்தலில் இருந்து, கணினியில் இருந்துகூடப் பிழை வரும்.

கணினியில் இருந்து வந்ததற்குச் சாட்சி இருக்கிறது. 2020இல் நேச்சரில் கலிபோர்னியா ஆட்கள் ஒரு பெரிய ஆய்வு போட்டார்கள். ஒவ்வொரு புற்றுநோய்க்கும் தனித்தனி நுண்ணுயிர்க் கையொப்பம் இருக்கிறது, இரத்தத்தை வைத்தே எந்தப் புற்றுநோய் என்று சொல்லலாம் என்று. உலகமே கொண்டாடியது. 2023இல் ஸ்டீவன் சால்ஸ்பெர்க் என்ற கணினி உயிரியலாளரின் குழுவினர் அதே தரவுகளைத் திருப்பிக் கிளறினார்கள். பற்றீரியா என்று எண்ணியதில் எக்கச்சக்கமானவை மனித டிஎன்ஏ துண்டுகள். இறாலைத் தாக்குகிற ஒரு வைரஸ், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியின் புற்றுநோய்க்கு முக்கிய அடையாளமாக அந்தப் பட்டியலில் நின்றது. நம்ம வாவி இறாலை விட்டுவிட்டு அமெரிக்கக்காரரின் சுரப்பிக்குள் அதற்கு என்ன வேலை? 2024இல் அந்த ஆய்வே மீளப்பெறப்பட்டது. அதற்காக எல்லாம் பொய் என்று ஆகாது. பியூசோபக்டீரியத்தைக் கட்டியில் இருந்து எடுத்து உயிரோடு வளர்த்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் "எல்லாப் புற்றுநோயும் பற்றீரியாதான்" என்று பேசுகிறவர் இந்த மீளப்பெறலைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்.

இன்னும் ஒரு திருப்பம். அதே பியூசோபக்டீரியம் தலை, கழுத்துப் பகுதிக் கட்டிகளில் இருந்தால் நோயாளிகள் கூடுதல் காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று 2024இல் லண்டனில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆய்வுகூடத் தட்டில் அது அந்தப் புற்றுநோய்க் கலங்களைக் கொன்றே போட்டது. குடலில் கூட்டாளி, வாய்ப்பக்கம் எதிரி! இதைப் போய் மொத்தமாகக் கொல்லுங்கள் என்று எப்படிச் சொல்வது?

நல்லது செய்கிற பற்றீரியாவும் புதிதல்ல. வில்லியம் கோலி என்ற நியூயோர்க் சத்திரசிகிச்சை நிபுணர் 1891இலேயே கட்டிக்குள் பற்றீரியாவை ஊசியால் ஏற்றிப் பார்த்தார். இன்றைக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் ஆரம்ப நிலைக்கு உள்ளே விடுவது பிசிஜி, நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் கையில் குத்துகிற அதே உயிருள்ள பற்றீரியாத் தடுப்பு மருந்து. எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிற புதிய வகைச் சிகிச்சைகளில், அந்த நேரம் அன்டிபயோட்டிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது என்று 2018இல் எழுதினார்கள், குடலில் இருக்கிற நல்லதுகளும் சேர்ந்து சாவதுதான் காரணமாக இருக்கலாம் என்று.

ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். "இரைப்பையில் இருக்கிற ஹெலிகோபக்டர் பற்றீரியாவுக்குக் குளிசை கொடுத்து இரைப்பைப் புற்றுநோயைக் குறைக்கிறார்கள்தானே, அதைக் கண்டுபிடித்த மார்ஷலும் வாரனும் 2005இல் நோபல் பரிசே வாங்கினார்களே" என்று. நியாயமான கேள்வி. வித்தியாசம் என்னவென்றால், அது எந்தப் பற்றீரியா என்று தெரியும், ஆளிடம் இருக்கிறதா என்று சோதிக்கலாம், எந்த மருந்து எத்தனை நாள் என்று மனிதர்களில் பார்த்து முடித்தாயிற்று. புற்றுநோய் வருவதற்கு முன்பே கொடுப்பதுதான் அதில் பெரிய பலன். வந்துவிட்ட கட்டிக்கு, என்ன இருக்கிறது என்றே பார்க்காமல், வட்ஸ்அப் சொன்ன அளவில் கொடுப்பது அதே வேலை இல்லை. "சாகப்போற ஆளுக்குக் கொடுத்துப் பார்த்தால் என்ன நட்டம்?" என்று அடுத்த கேள்வி. நட்டத்தைத்தான் நான் வேலையில் பார்க்கிறேன்.

கீமோ ஏற்றிய ஆளுக்கு வெள்ளைக் குருதிக் கலங்கள் விழும். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் அது விளையாட்டில்லை, மணித்தியாலக் கணக்கில் ஆள் கையை விட்டுப் போகலாம். அப்போது உயிரைக் காப்பது அன்டிபயோட்டிக்தான். மருந்தூட்டிய சிறு கடதாசி வில்லைகளை வைத்த கல்ச்சர் தட்டை மறுநாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் பற்றீரியா வளராத வெற்று வட்டம் தெரிய வேண்டும். இப்போது சில வில்லைகளைச் சுற்றி வட்டமே இல்லை, மருந்தை முட்டிக்கொண்டு புல் மாதிரி வளர்ந்து நிற்கிறது. தடிமனுக்கு அமொக்சிசிலின், வயிற்றோட்டத்துக்கு மெட்ரோனிடசோல், இரண்டு நாளில் சுகம் என்று மிச்சத்தை அலுமாரியில் வைப்பது, அதைப் பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுப்பது, இப்படித்தான் இந்த நிலைக்கு வந்தோம். இதற்கு மேலே புற்றுநோய்க்காரருக்கும் கண்டபடி கொடுத்தால், அவருக்கு உண்மையாகவே தேவைப்படுகிற இரவில் கொடுக்க மருந்து இருக்காது. கட்டியைக் காப்பாற்றுகிற பற்றீரியாவைவிட மருந்துக்கு மசியாத இந்தப் பற்றீரியாதான் அவரை முதலில் கொல்லும்.

ஆகவே கீமோவில் இருக்கிறவருக்கு எந்தக் குளிசை, கசாயம், பரிசாரியார் தந்த தூள் கொடுத்தாலும் கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று மறைக்காதீர்கள்.

வாய் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய்தான். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே முடிவு சொல்லிவிட்டது. படுவான்கரையில் வயல் காவலுக்குப் போகிறவர் இரவு முழுக்க வாயில் அடக்கி வைத்திருப்பார், வெற்றிலை வட்டாவைச் சுற்றியிருந்து பெத்தாமார் நாள் முழுக்க மெல்லுவார்கள். பற்றீரியா ஆய்வு எந்தப் பக்கம் போனாலும் பாக்கின் குற்றம் குறையாது. பல்லுக் கிளினிக்குக்குப் போக நமக்குப் பல் வலித்து முகம் வீங்க வேண்டும். மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் விட முடியவில்லையா, கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு இருக்கிறதா, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண்ணா, நாளைக்கே போங்கள்.

அந்தக் குரல் பதிவை உங்களுக்கு அனுப்பியவருக்கு இந்தப் பதிவை அனுப்புங்கள். கோபப்பட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.