பாராத பயிர்

போன வாரம் பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். இருபத்தைந்து பைகள். ஆடிப்பெருக்கன்று விதை போட்ட கையோடு படம் எடுத்து இங்கேதான் போட்டிருந்தார். நானும் ஒரு ஹார்ட்டின் விட்டேன். இப்போது பாதிப் பைகளில் காய்ந்த குச்சி நிற்கிறது. வெண்டைக்காய் ஒன்று முழ நீளத்துக்கு முற்றி, வெடித்து, விதையைக் காட்டிக்கொண்டு தொங்குகிறது.

"மண்ணு சரியில்ல சார். விதையும் டூப்ளிகேட் போல" என்றார்.

மண்ணுக்கும் விதைக்கும் ஒரு குறையும் இல்லை. பேச்சுக்கொடுத்ததில், அவர் மாடி ஏறிப் பதினெட்டு நாள் ஆகிறது என்று தெரிந்தது. டைமர் வைத்த சொட்டுநீர்க் குழாய் இருக்கிறதே என்ற தைரியம். டைமர் என்னவோ ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து சொட்டுவான்கள் அடைத்துக்கொண்டதை அது யாரிடம் போய்ச் சொல்லும்?

தோட்டம் வைப்பதற்கு நம்மூரில் இப்போது எல்லாம் கிடைக்கிறது. தோட்டக்கலைத் துறையே பை, தென்னை நார்க் கழிவு, விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் எல்லாம் சேர்த்து மானிய விலையில் கிட் தந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், தோட்டம் தயார். திங்கட்கிழமையில் இருந்துதான் சிக்கல். 'பராமரிப்பே தேவையில்லாத தோட்டம்' என்று ரீல்ஸ் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களில் ஒருத்தராவது அதே செடியை ஆறு மாதம் கழித்து ஒருமுறை காட்டட்டும்.

பராமரிப்பு என்ற சொல்லே டெண்டர் நோட்டீஸ் மாதிரிதான் இருக்கிறது. என் அப்பத்தா அந்தச் சொல்லை வாழ்நாளில் சொன்னதில்லை. ஊருக்குப் போகும்போது "செடியப் பாத்துக்கங்கடா" என்பார், அவ்வளவுதான். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு, அவரையில் அசுவினிப் பூச்சி தெரிந்தால் விடியக்காலையில் அடுப்புச் சாம்பல். எல்லாம் போகிறபோக்கில் நடக்கும். ஆனால் அந்தப் போக்குக்கு ஒருநாளும் லீவு கிடையாது. 'கேளாக் கடனும் பாராப் பயிரும் பாழ்' என்று அவர் சொல்லும்போது, கடன் வாங்கிய தாத்தாவின் தம்பியைக் குத்துகிறார் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

பார்ப்பது என்றால் என்ன என்பதற்குக் கத்தரிச் செடி ஒன்றே போதும். காலை ஆறரை மணிக்கு எல்லாக் கிளையும் நிமிர்ந்து நிற்கும். ஒரே ஒரு கொழுந்து மட்டும் தலையைத் தொங்கப்போட்டிருக்கும். தண்ணீர் போதவில்லை என்றால் செடி முழுக்க அல்லவா வாடும்? ஒரு நுனி மட்டும் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. இரண்டு விரற்கடை கீழே கிள்ளி, தண்டை நகத்தால் பிளந்து பார்த்தால் வெளிறிய ரோஸ் நிறத்தில் சின்னதாக நெளியும். சோப்புத் தண்ணீரில் போட்டால் கதை முடிந்தது. பத்து விநாடி வேலை. அன்றைக்குத் தவறவிட்டால் அடுத்த தலைமுறைப் புழு காய்க்குள் போய்விடும். அப்புறம் நீங்கள் எந்த எண்ணெயைத் தெளித்தாலும் அதற்கு உறைக்காது.

மாவுப்பூச்சியும் அப்படித்தான். அதற்கு முன்னால் எறும்பு வரும். செம்பருத்தித் தண்டில் எறும்பு சாரை சாரையாக ஏறுகிறது என்றால், மேலே அதற்கு யாரோ இனிப்புக் கடை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் வாரத்தில் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். விட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடே பார்த்திருக்கிறது. 2008-ல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடாமல் பரவியது. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து, அந்தப் பூச்சியை அழிக்கும் ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. என் ஒற்றைச் செம்பருத்திக்காக யாரும் குளவியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

(எல்லாப் பூச்சியையும் நசுக்கவேண்டும் என்றில்லை. கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது பட்டாம்பூச்சிப் புழு. மகளின் உத்தரவுப்படி எங்கள் வீட்டில் இரண்டுக்கு எப்போதும் இடம் உண்டு.)

நார்க் கழிவு கலந்த பைகளில் இன்னொரு ஏமாற்று வேலை நடக்கும். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அது சுருங்கி, பையின் ஓரத்தை விட்டு விலகிவிடும். ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அந்த இடுக்கு வழியாகக் கீழே ஓடிவிடும். வெளியே ஈரம், வேரடியில் தூசி. நடுவில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கொசுவுக்கு வருகிறேன். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தேங்கும் தண்ணீர் போதும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட. நம்மூர் வெக்கையில் முட்டை கொசுவாகப் பறக்கச் சுமார் ஒரு வாரம், பத்து நாள். அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்க்கச் சொல்கிறார்கள். கொட்டினால் மட்டும் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். என் தக்காளி செத்தால் எனக்குத்தான் நஷ்டம். இந்தத் தட்டு அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கொடுத்துவிடும்.

நண்பரைச் சொல்கிறேனே, என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பர். மழைதான் பெய்கிறதே, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை என்று மூன்று வாரம் மாடிப்பக்கமே போகவில்லை. டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் சருகும், கிழிந்த பையில் இருந்து கரைந்த நாரும் சேர்ந்து அடை போல் அடைத்துக்கொண்டன. கரண்ட் இல்லாத இருட்டில் டார்ச்சோடு ஏறினால் கணுக்கால் அளவு தண்ணீர். குனிந்து கையை விட்டு அள்ளி அள்ளிப் போட்டேன். கீழ் வீட்டு ஹாலில் சீலிங் ஒழுகி, அந்த வீட்டம்மா பாயைச் சுருட்டிக் கட்டிலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பெயின்ட் செலவை நான் கொடுத்தேன். இரண்டு மாதம் படியில் எதிர்ப்பட்டால் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

அதிலிருந்து பைகள் எல்லாம் ஸ்டாண்டில்தான். குழாய் வாய்க்கு ஒரு வலை. ஐப்பசி, கார்த்திகையில் தினமும் அதைத் தடவிப் பார்ப்பது முதல் வேலை. வெயில் காலத்தில் செடிக்காக ஏறுகிறேன் என்றால் மழைக்காலத்தில் வீட்டுக்காக ஏறுகிறேன். எனக்கு மொத்தம் பதினைந்து நிமிடம் ஆகும், காபி குடிக்கும் நேரத்தையும் சேர்த்து. நான் ஊரில் இல்லாத நாட்களில் மனைவி பார்ப்பார். 'நான் தோட்டம் வச்சிருக்கேன்' என்று பேசுகிற பல ஆண்களின் வீட்டில் வருடம் முழுக்கவே அப்படித்தான். அதைத் தனியாக ஒரு பதிவு எழுதவேண்டும்.

கிளம்பும்போது நண்பர் "என்ன உரம் போடலாம்?" என்று கேட்டார். இப்போதைக்கு உரமே வேண்டாம், காபியை மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்க் குடியுங்கள் என்றேன். கத்தரி நுனி கதையையும் சொன்னேன். நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். தொங்கிப்போன கத்தரிச் செடி. "இதுதானே புழு?" என்று கேள்வி. மத்தியானம் இரண்டு மணிக்கு எடுத்த படம், செடி முழுக்க வாடியிருக்கிறது. அது வெயிலுக்கு வாடினது, காலையில் போய்ப் பாருங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.